ஜெபசிங்கின் வாயைக் கட்டிய ஜெபம்

கிருபாபுரத்துத் தெருக்குழாயில் பதநீர் வந்ததும் ஞானப்பூவின் மகன் ஜெபசிங் டிவியில் வந்ததும் ஒரே சனிக்கிழமை சாயங்காலம்தான். எது முந்தி எது பிந்தி என்று கேட்டால், மகன் வந்தது முந்தி, பதநீர் வந்தது பிந்தி. இந்த ஒன்றில் மட்டும் எங்கள் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது, மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

செம்மணலும் பனையுமாகக் கிடக்கிற தேரிக்காட்டு ஓரத்து ஊர் அது. ஊருக்கு நடுவே கோயில், கோயில் உச்சியில் சிலுவை, கோயிலை ஒட்டிச் சபை மண்டபம், மண்டபத்துக்கு எதிரே குழாய். குழாய்க்கு மேலண்டை வீடு ஞானப்பூ வீடு. அவள் விடியுமுன் எழுந்து முந்தானையைத் தலையில் போட்டு முழங்கால் போட்டால், தெருவிலிருக்கிற ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி, நோவு சொல்லி, சண்டை சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் எழும்புவாள். மனசுக்குள் ஜெபித்தால் பாதியில் தூக்கம் வந்துவிடுகிறது என்று வாய்விட்டே ஜெபிப்பாள். அதனால் யார் வீட்டில் மூட்டுவலி, யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் ஆண்டவருக்குத் தெரிகிற அதே நிமிஷத்தில் தெருவுக்கும் தெரிந்துவிடும்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் கட்டிக்கொடுத்து பெங்களூரில் இருக்கிறாள். மகன் ஜெபசிங் இன்ஜினியருக்குப் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஏதோ செய்கிறான். அந்த ஏதோ என்ன என்று ஞானப்பூவுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஒருநாள் போன் பண்ணினான்.

"அம்மா, இந்தா வார சனிக்கிழமை என் ஸ்பெஷல் டிவில வருது. ஒரு மணி நேரம். நான் மட்டும்தான்."

"ஒரு மணி நேரம் என்னப்பா செய்வ?"

"மைக்கப் பிடிச்சி நிப்பேன். ஸ்டாண்ட்-அப்மா அது. நம்ம வீட்டப் பத்தி, ஊரப் பத்தி, நீ ஆண்டவர்ட்ட என்னென்ன கேப்பங்கிறதப் பத்திப் பேசுவேன்."

இதைக் கேட்டதும் ஞானப்பூவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜனங்களுக்கு முன்னால் தனியாக எழுந்து நின்று, கையில் மைக்கைப் பிடித்து, தன் வீட்டில் நடந்ததையும் தன் தாயின் ஜெபத்தையும் எடுத்துச் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பேர்தான் உண்டு. அது சாட்சி. அவள் ஓடிப்போய்க் கிதியோன் ஐயரிடம் சொன்னாள். எங்கள் பக்கத்துக் கோயிலில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில், நம் சபையின் மகன் ஜெபசிங் தொலைக்காட்சியில் எழுந்து நின்று சாட்சி பகருவார், யாவரும் மண்டபத்துக்கு வந்து ஆசீர்வாதம் பெறுங்கள் என்று வாசித்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபச் சுவரில் பெரிய வெள்ளைத்துணி கட்டி, வெள்ளைச் சேலையும் வேதபுத்தகமுமாக ஊரே வந்து உட்கார்ந்தது.

துணியில் ஜெபசிங் தெரிந்தான். அவன் போட்டிருந்த ஜீன்ஸ் இரண்டு முழங்காலிலும் கிழிந்திருந்தது.

"மைனி," என்று பக்கத்து வீட்டுப் பொன்ராணி காதைக் கடித்தாள், "சாட்சி சொல்லப் போறவனுக்கு ஒரு நல்ல பேன்ட்டு கூடவா இல்ல? முட்டி தெரியுது."

"முழங்கால் போட்டு ஜெபிச்சு ஜெபிச்சுக் கிழிஞ்சிருக்கும். சும்மா இரு ஏட்டி."

அவன் பேசினான். துணிக்குள் இருந்த சென்னை ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஜனங்களுக்குச் சாட்சியில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஐயர் முகத்தைப் பார்த்தார்கள். ஐயர் கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். அப்போதுதான் ஜெபசிங் ஒரு துண்டை எடுத்து முந்தானை மாதிரித் தலையில் போட்டு, கண்ணை மூடி, கையைக் குவித்து, அச்சு அசல் தன் அம்மாவின் குரலில், "ஜெபிப்போமா?" என்றான்.

ஜெபிப்போம் என்ற சொல்லைக் கேட்டால் எழும்பாத ஆள் கிருபாபுரத்தில் பிறக்கவில்லை. மண்டபம் முழுவதும் நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று கண்ணை மூடியது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. எங்க தெருக்குழாயில வார தண்ணி ஒரே உப்பு ஆண்டவரே, நல்ல தண்ணிதான் தர முடியலன்னா பதநீயாவது வரட்டும், ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

ஊர் ஆமென் என்றது.

"எலிசா அண்ணாச்சி சேவல் நேரங்கெட்ட நேரத்துல கூவுது ஆண்டவரே, அது கோயில் மணியக் கேட்டுக் கூவட்டும்."

ஆமென்.

"எங்க வீட்டு மனுஷன் குறட்டைய நிறுத்தும்னு கல்யாணமான நாள்லருந்து கேக்கேன், நீர் கேக்கல. பரவாயில்ல, கீர்த்தனை ராகத்துலயாவது வரட்டும்."

ஆமென்.

"ஐயர் பிரசங்கத்துல ‘கடைசியாக’ன்னு சொன்னா அது கடைசியாவே இருக்கட்டும் ஆண்டவரே."

இந்த ஆமெனில் மண்டபத்து ஓடு அதிர்ந்தது. கண்ணை மூடியிருந்ததால் யார் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, வேதபுத்தகம் கையிலிருந்து நழுவச் சிரித்தார்கள்.

"அப்புறம் இந்த ஜெபசிங் பய, வீட்டுக் கதையெல்லாம் வெளிய சொல்லிட்டுத் திரியுதான். அவன் வாயக் கெட்டிப் போடும் ஆண்டவரே."

ஆமென் என்றது ஊர். ஞானப்பூவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர்கள் குழாயில் கை கழுவப் போக, கை பிசுபிசுத்தது. பொன்ராணி விரலை நக்கிப் பார்த்தாள். ஐயர் கையில் ஏந்திக் குடித்தார். "பதநீர்தான்," என்றார், "புளிக்காம இருக்கப் போடுற சுண்ணாம்பும் அளவாத்தான் விழுந்திருக்கு." எலிசா அண்ணாச்சி மட்டும், சுண்ணாம்பு இன்னும் ஒரு கை கூடியிருக்கலாம் என்றார். அதற்குள் குடம் வைத்து இடம் பிடிக்கிற சண்டை தொடங்கிவிட்டதால் ஆச்சரியப்பட ஒருவருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

மறுநாள் எலிசா அண்ணாச்சி சேவல் விடியுமட்டும் வாயைத் திறக்காமல் கூரையில் உட்கார்ந்திருந்து, கோயிலில் முதல் மணி அடித்ததும் ஒருதரம், இரண்டாம் மணிக்கு ஒருதரம் கூவிவிட்டு இறங்கிப் போனது. ஆராதனையில் கிதியோன் ஐயர், "கடைசியாக, பிரியமானவர்களே" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்ச நேரம் வாயை அசைத்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஞானப்பூவின் புருஷன் செல்லையா மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது அவர் மூக்கிலிருந்து ராகம் தப்பாமல் கீர்த்தனை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அதற்கு ஏற்ற மாதிரி முறத்தைத் தட்டி அரிசி புடைத்தார்கள்.

பதநீரோடு வாழ ஊர் பழகிக்கொண்டது. துணி துவைத்தால் சட்டை மொடமொடவென்று தானாக நின்றது, கஞ்சி போடுகிற வேலை மிச்சம் என்றார்கள். எறும்பு வந்தது, எறும்புக்கு மஞ்சள்பொடி போட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள், நாங்க எதுல வாய் கொப்புளிப்போம் என்று பஞ்சாயத்தில் போய்க் கத்த, பஞ்சாயத்திலிருந்து வந்தவர் ஒரு செம்பு குடித்துவிட்டு, மேலே என்னவென்று எழுதுவது என்று விளங்காமல் இன்னொரு செம்பு குடித்துவிட்டுப் போனார். எலிசா அண்ணாச்சி குழாய்க்குப் பக்கத்திலேயே கல் கூட்டி, அகலச் சட்டி ஏற்றி, பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற ஆரம்பித்தார்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் ஜெபசிங் வந்து இறங்கினான். பை தோளில் இருந்தது, கிழிந்த ஜீன்ஸ் காலில் இருந்தது, குரல் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகளோடு உட்கார்ந்து தன்னைத் தானே டிவியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், அந்தக் கடைசி ஜெபம் முடிந்த நிமிஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தானாம், காற்றுதான் வந்ததாம். இதை அவன் செல்போனில் தட்டிக் காட்டினான். திருநெல்வேலியில் டாக்டர் விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்து, பாட்டுக்காரர் தொண்டை மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்து சென்னையில் இன்னொரு பெரிய மேடை, அதை நேரடியாகவே டிவியில் காட்டப் போகிறார்கள். குரல் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். வேலையை விட்டு, பார்த்தவர்கள் கேலியை வாங்கி, அவன் கட்டியது எல்லாம் அந்தக் குரலின் மேல்தான் நின்றது. கிணற்றடியில் நின்று, கண்ணாடியைப் பார்த்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிற மகனை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்த ஞானப்பூவுக்கு, தான் சொன்ன ஆமென் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவள் உபவாசம் இருந்து ஜெபித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சபையே கூடி ஜெபித்துத்தான் கட்டியது, சபையே கூடித்தான் அவிழ்க்க வேண்டும் என்று ஐயரிடம் போனாள். ஐயர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். எலிசா அண்ணாச்சி எழுந்தார். கையெல்லாம் கருப்பட்டி.

"ஞானப்பூ, நீ கேக்கறது நாயந்தான். ஆனா அன்னைக்குச் சொன்னது மொத்தமும் ஒரே ஜெபம். சேலையில ஒரு இழைய உருவினா மிச்சம் நிக்குமா? குழாய்ல மறுபடி உப்புத்தண்ணி வந்தா யாரு குடிக்க?"

"ஒங்களுக்குப் பதநீ போனா தொண்ட வறளும் அண்ணாச்சி. எம்புள்ளைக்குத் தொண்டையே போயிட்டுல்லா."

"அவன் நம்ம ஊர எல்லார் முன்னாலயும் வச்சுச் சிரிச்சான்லா?"

"நீங்களும்தான் சிரிச்சிய. ஒங்க வேதபுத்தகம் எங்கால்லதான் வந்து விழுந்துச்சு."

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் சட்டென்று முடியத் தொடங்கிய நாளிலிருந்துதான் ஜனங்கள் ஓடாமல் வாசலில் நின்று ஐயருக்குக் கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள், அந்த ஆசீர்வாதமும் போய்விடுமோ என்று அவருக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஆனாலும் ஜெபம் நடந்தது. ஞானப்பூ அழுது ஜெபித்தாள், ஊர் ஆமென் சொன்னது. காய்ச்சல்காரன் கஞ்சி குடிக்கிற மாதிரியான ஆமென். ஜெபசிங் வாயைத் திறந்தான், மூடினான்.

வெளியே வரும்போது பொன்ராணிதான் அதைக் கண்டு சொன்னாள்.

"மைனி, அன்னைக்கு நாம சிரிச்சுக்கிட்டுல்லா ஆமென் சொன்னோம். அதான் வேகமா மேல போயிருக்கு. இன்னைக்கு எலிசா அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா, ஆண்டவருக்கே அப்புறம் வாரேன்னு எந்திரிச்சிப் போகத் தோணும்."

"சிரிக்க வைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் வாயில்லா கெட்டிக் கெடக்கு."

"அவனுக்கு அது எங்கருந்து வந்துச்சாம்? செல்லையா அண்ணன்ட்ட இருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பொன்ராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஞானப்பூ மண்டபத்து மேடையில் ஏறினாள். போகுமுன் ஐயர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வார்த்தையைப் பார்த்துக் கேளுங்கம்மா, இப்ப ஆண்டவர் எழுத்துக்கு எழுத்து கொடுத்துக்கிட்டிருக்கார்," என்று எச்சரித்து அனுப்பினார். பிறந்ததிலிருந்து அவள் மைக்கைத் தொட்டதில்லை. அவள் தொட்டதும் அது கீச்சென்று கத்தியது. "ஸ்தோத்திரம்," என்றாள். ஊர் ஸ்தோத்திரம் என்றது. அப்புறம் என்ன சொல்ல என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதல் வரிசையில் எலிசா அண்ணாச்சி, பதநீரைக் காப்பாற்ற வேண்டுமென்று, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞானப்பூ கையிலிருந்த செல்போனைக் காதில் வைத்தாள். ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து, அச்சு அசல் மகனாக நின்றாள்.

"ம்ம். சொல்லும்மா. சாப்ட்டேன். ம்ம். சரிம்மா. வைக்கட்டா?"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அந்தக் குரல் எல்லார் வீட்டுக்கும் தினமும் வருகிற குரல்தான்.

"ஊரானுக்கு ஒரு மணி நேரம் பேசுதான். ஆயிரம் பேருக்கு எங்கதைய விலாவாரியா சொல்லுதான். எங்கிட்ட பேசுதது இவ்வளவுதான். என் மவன் என்ன நெனைக்கான்னு தெரிஞ்சுக்க நான் ஒங்க கூடல்லா உக்காந்து டிவி பாக்க வேண்டியிருக்கு. மழை பெய்யுதாப்பான்னு கேட்டா, தெரியலம்மான்னு சொல்லுதான். எலேய், ஜன்னலத் தொறந்து பாத்தா தெரியாதா?"

சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது.

"அந்தப் பேன்ட்டப் பாத்தியளா? எம்புள்ள ரெண்டு முட்டியும் குளிர்ல விறைக்குமேன்னு, அவன் தூங்கினப்ப எடுத்து, எங்க வீட்டு மனுஷன் பழைய வேட்டியில ஒட்டுப்போட்டு நல்லா நெருக்கித் தச்சு வச்சேன். காலையில எந்திரிச்சுப் பாக்கான். மூஞ்சி செவந்துட்டு. என்னைத் திட்டணும்னு வாயத் தொறக்கான், தொறக்கான், சத்தம் வரல. கையக் கையக் காட்டுதான். முட்டியக் காட்டுதான், என்னக் காட்டுதான், வானத்தக் காட்டுதான். அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஆண்டவரே ஒமக்குத் தோத்திரம்னு சொல்லிட்டேன்."

மண்டபம் சரிந்தது. பொன்ராணி நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். எலிசா அண்ணாச்சி துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தார், சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அடைத்த துண்டும் பறந்து ஐயர் மடியில் விழ, அவர் ஆரம்பித்த சிரிப்பு கூரை வரைக்கும் போனது. கடைசி வரிசையில் ஜெபசிங் சத்தமே இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஜெபிப்போமா?" என்றாள் ஞானப்பூ.

எல்லாரும் சிரித்தபடியே தட்டுத்தடுமாறி எழுந்து கண்ணை மூடினார்கள். அவளும் சிரித்தாள், அழவும் செய்தாள். எது எது என்று பிரிக்க முடியவில்லை. வார்த்தையைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது எங்கேயோ போய்விட்டது.

"ஆண்டவரே, இவன் வாயத் தொறந்து விடும். மொதல்ல பெத்தவகிட்ட பேசட்டும், அப்புறம் ஊருக்குப் பேசட்டும்."

"ஆமென்," என்றது ஊர். எலிசா அண்ணாச்சி ஆமென்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, அந்தப் பேன்ட்ட ஏம்மா தச்ச?"

எலிசா அண்ணாச்சி பயந்தபடி மிச்ச இழை எதுவும் உருவிக்கொண்டு போகவில்லை. சேவல் மணி கேட்டே கூவியது, ஐயரின் ‘கடைசியாக’ கடைசியாகவே நின்றது, செல்லையா ராகம் மாற்றவில்லை. குழாய் மட்டும் பதநீர்ப் பருவம் முடிகிற மட்டும் சுரந்து, பருவம் முடிந்ததும் பனையைப் போலவே நின்று, ஒருநாள் உப்புத்தண்ணீருக்குத் திரும்பியது. பருவத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று எலிசா அண்ணாச்சி சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் கேட்டது எழுத்துக்கு எழுத்து கிடைத்திருந்தது. மறுநாள் காலையில் ஜெபசிங் டீக்கடைக்குப் போய் ஒரு டீ என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. பதறி வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, மறுபடி போயிட்டு," என்றான். அது நன்றாகக் கேட்டது. திரும்ப டீக்கடைக்குப் போனான், அங்கே வரவில்லை. இப்படி வீட்டுக்கும் கடைக்குமாக அலைந்தபிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு நாளும் முதலில் பெற்றவளிடம் பேசினால்தான் ஊருக்குக் குரல் வரும். சாப்ட்டேன் வைக்கட்டா என்பதெல்லாம் கணக்கில் சேராது. பேச வேண்டும். சென்னைக்குப் போன பிறகும் தினமும் போன் பண்ணினான். பேசப் பழகாத பிள்ளை, வீட்டுக்காரர் நாய், மாடியில் வளர்க்கிற புதினா, பஸ்ஸில் குடை மறந்தது என்று எதையெதையோ தேடித் தேடிச் சொன்னான். ஞானப்பூ கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

பெரிய மேடை நாள் வந்தது. நேரடி ஒளிபரப்பு. திரைக்குப் பின்னால் நின்று ஜெபசிங் போனில் பேசிக்கொண்டிருந்தான். காலையில் தின்றது, மத்தியானம் தின்றது, நாய், புதினா, எல்லாம் சொல்லியாயிற்று. நடுவில் நிகழ்ச்சிக்காரரைப் பார்த்து "ரெடிண்ணே" என்று சொல்லிப் பார்த்தான், காற்றுதான் வந்தது. வெளியே ஜனங்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சிக்காரர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இன்னும் வரலியாப்பா?" என்றாள் ஞானப்பூ.

"வரலம்மா."

"அப்ப நீ இன்னும் பேசல. என்னமோ உள்ள வச்சிருக்க."

ஜெபசிங் நிகழ்ச்சிக்காரருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம், "பயமா இருக்கும்மா," என்றான். "இன்னைக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவையும். யாரும் சிரிக்கலன்னா அங்க நான் தனியா நிப்பேன்லா. மைக்க அதுக்குத்தான் ரெண்டு கையாலயும் பிடிக்கேன்."

"இத இத்தன வருஷமா யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல."

"சிரிக்கலன்னா என்ன, இறங்கி வீட்டுக்கு வந்துரு. சோறு ஆக்கி வச்சிருப்பேன்."

ஜெபசிங் மூக்கை உறிஞ்சினான். திரும்பி, "வாரேண்ணே," என்றான். திரைக்குப் பின்னால் நின்ற எல்லாரும் திடுக்கிட்டுப் பார்க்கிற அளவுக்கு அது சத்தமாக வந்தது.

கிருபாபுரத்தில் வீட்டுக்கு வீடு டிவி ஓடியது. ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்புச் சத்தம் தெருவில் வந்து கலந்தது. ஞானப்பூ வீட்டில் மட்டும் சத்தத்தைக் காணோமே என்று பொன்ராணி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். ஞானப்பூ அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒங்க மவன் என்ன போடு போடுதான்! டிவியப் போடலியா?"

"நான் கேட்டாச்சு," என்றாள் ஞானப்பூ.